கரை சேராத மீனைக் கணக்கிடுவது எப்படி? கடலில் வீசும் மீனும் தூண்டில்காரர் பிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைமுகத்தில் இறங்கும் மீனுக்கு இந்தியாவில் பல பத்தாண்டுகளாகக் கணக்கு இருக்கிறது. வலையில் ஏறிக் கடலிலேயே வீசப்படும் மீனுக்கும், பாலத்திலும் தூண்டில் வளைவிலும் (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்) நின்று ஆசைக்குத் தூண்டில் போடுவோர் பிடிக்கும் மீனுக்கும் அப்படி ஒரு நிரந்தரக் கணக்கு இல்லை. அந்த இரண்டையும் மதிப்பிடப் போகும் ஆய்வு மாணவர்கள், மீனவர் சங்கங்கள், களப்பணியாளர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பாக் நீரிணை, சோழமண்டலக் கரை சார்ந்தவை. கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் வருபவை விளக்கத்துக்கான மாதிரி எண்கள். எந்தத் துறைமுகத்தின் தரவும் அல்ல.

அரசுப் புள்ளிவிவரத்தில்தான் மீன்பிடி அளவு வருகிறதே, இதெல்லாம் அதில் அடங்காதா?

அடங்காது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுப்பது இறங்குதளக் கணக்கு. மாதத்தின் முதல் ஐந்து நாளில் ஒரு நாளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதிலிருந்து தொடர்ந்து வரும் ஆறு நாளை இரண்டிரண்டு நாளாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் மாதம் முழுக்க அதையே நீட்டுவார்கள். தேர்வான தளத்தில் களப்பணியாளர் முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் 12 வரையும் இருப்பார். இடைப்பட்ட இரவில் வந்த படகுகளை விசாரித்து எழுதுவார். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பதிவார். அதற்கு மேல் போனால் ஒரு விகிதத்தில் தேர்ந்தெடுப்பார். 50-க்கு மேல் என்றால் ஐந்துக்கு ஒன்று.

நல்ல வடிவமைப்பு. ஆனால் அது பார்ப்பது கரையில் இறங்கியதை மட்டும். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்புக்கு நாடுகள் அனுப்பும் எண்ணும் அதே வகைதான்: இறங்கிய மீனின் உயிரெடைச் சமானம் (முழு மீனாக இருந்தால் வரும் எடை). வீசியது அந்த வரையறைக்கே வெளியே நிற்கிறது. ஆசைத் தூண்டில் மீன் வரையறைக்குள் வரலாம். ஆனால் ஏலக்கூடத்துக்கு வராததால் கணக்கில் ஏறுவதில்லை. அட்டவணையில் இடம் காலியாக இருக்கும். படிப்பவர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வார். இந்த வேலை முழுக்க அந்தக் காலி இடத்தை ஒரு நியாயமான எண்ணால் நிரப்புவதற்குத்தான். தோராயமான எண்கூடப் பூஜ்யத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

சங்காயம் வீசிய மீன் கணக்கில் சேருமா?

சேராது. அதிகம் குழம்பும் இடம் இதுதான். ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்றும், சோழமண்டலக் கரையில் கழசல் என்றும் சொல்லும் பொடிமீன், குஞ்சுமீன், நண்டுக் குஞ்சுக் கலவை கரைக்கு வருகிறது, எடை போடப்படுகிறது, கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. மலிவானது என்றாலும் அது இறங்கிய மீன். அதை வீசலில் போட்டால் ஒரே மீனை இரண்டு தரம் எண்ணியதாகும்.

தாளில் நான்கு பத்தி வையுங்கள்: விற்பனைக்கு எடுத்த மீன், சங்காயமாக இறங்கியது, வேலையாட்கள் குழம்புக்கு எடுத்துப் போனது, கடலில் வீசியது. மூன்றாவதும் பெரும்பாலும் ஏலத்துக்கு வராது. ஆனால் அது வீசலும் இல்லை, பொழுதுபோக்குப் பிடிப்பும் இல்லை, வீட்டுத்தேவைப் பிடிப்பு.

இன்னொன்று, சங்காயம் பாதி இடங்களில் காய்ந்த நிலையில்தான் உங்கள் கண்ணில் படும். வியாபாரி சொல்லும் டன் காய்ந்ததா பச்சையா என்று கேட்காமல் எழுதாதீர்கள். மீன்தூள் என்றால் ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைமீன். வெயிலில் காய்ந்த சங்காயத்துக்கு விகிதம் சரக்கைப் பொறுத்து மாறும். பச்சையாக 10 கிலோ எடுத்து, அவர்கள் காயவைக்கும் மணலிலேயே காயவைத்து, திரும்ப எடை போட்டு உங்கள் விகிதத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மணல் ஒட்டிய எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

எல்லாம் சங்காயமாக விலை போகிற காலத்தில் யார் கடலில் வீசுகிறார்கள்?

பலர் வீசுகிறார்கள், எல்லா நாளும் அல்ல. காலையில் போய் மறுநாள் திரும்பும் படகில் பெட்டியும் ஐஸும் மிச்சம் இருக்கும். பொடிமீனும் கரைக்கு வந்துவிடும். தங்கல் படகில் கதை வேறு. ஒரு வாரம், பத்து நாள் கடலில் நிற்கும் படகுக்கு மீன்கிடங்கில் இடம்தான் பணம். முதல் சில நாள் இழுப்பில் (வலையை ஒரு முறை இறக்கித் தூக்குவது ஒரு இழுப்பு) வரும் பொடிமீனை ஐஸ் போட்டுக் காப்பாற்றினால் ஏலத்தில் ஐஸ் காசுகூடத் தேறாது. அதனால் இறாலும் கணவாயும் பெரிய மீனும் மட்டும் உள்ளே போகும், மிச்சம் கடலுக்கு. கடைசி ஓரிரு நாளில் கிடங்கில் இடம் மிஞ்சியிருந்தால் அதே பொடிமீனைத் தட்டில் (படகின் மேல்தளத்தில்) குவித்துக் கொண்டுவருவார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கரையில் நின்று "இன்று வீசினீர்களா?" என்று கேட்டால் கடைசி இழுப்பை நினைத்து "இல்லை" என்பார்கள். அது பொய் இல்லை. கேள்விதான் தவறு. பயணத்தின் முதல் நாள், நடு நாள், கடைசி நாள் என்று பிரித்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மாதிரியும் அப்படியே எடுக்க வேண்டும். கடைசி நாள் மாதிரியை வைத்து முழுப் பயணத்தையும் மதிப்பிட்டால் விடை ஏறக்குறையப் பூஜ்யமாக வரும்.

இதோடு, எந்த விலைக்கும் போகாதவை எப்போதும் உண்டு: சொறி (ஜெல்லிமீன்), பேத்தை, நட்சத்திரமீன், கடல்பஞ்சு, உடைந்த சிப்பி. சொறி சீசனில் மடி (வலையின் கடைசியில் மீன் சேரும் பை) நிறைய அதுவே ஏறும். அதை எடையில் சேர்ப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். மீன், இறால், நண்டு, கணவாய் ஒரு வரி, சொறி தனி வரி என்று வைப்பது நல்லது. சொறியைச் சேர்த்த ஆய்வையும் சேர்க்காத ஆய்வையும் பக்கத்தில் வைத்து "வீசல் கூடிவிட்டது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற விபத்து.

உலக அளவில் எவ்வளவு?

1994-இல் வந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2.7 கோடி டன் என்றது. 2005-இல் வந்தது 73 லட்சம் டன், மொத்தப் பிடிப்பில் 8 சதவீதம் என்றது. 2019-இல் வந்தது, 2010 முதல் 2014 வரையான ஆண்டுகளுக்கு, 91 லட்சம் டன், 10.8 சதவீதம் என்றது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு அடிமட்ட இழுவலையிலிருந்து (கடல் தரையை ஒட்டிப் படகு இழுக்கும் வலை). மூன்றும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வெளியிட்டவை. இவற்றை ஒரே கோட்டில் வரைந்து "குறைந்தது, பிறகு கூடியது" என்று பேசக்கூடாது. கணக்கிட்ட முறை வேறு; 1994 முறை மிகையாக மதிப்பிடும் வகை என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

படகில் ஏறுகிறோம். ஒரு இழுப்பில் என்ன செய்ய வேண்டும்?

மடி தட்டில் கொட்டப்பட்டதும் யாரும் கை வைப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள், அளவு தெரிய ஒரு காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்து. பிறகு ஒதுங்கி நில்லுங்கள். தரம் பிரிப்பது அவர்கள் வேலை. நீங்கள் கை கொடுத்தால் அவர்கள் வழக்கமாக வீசுவதை நீங்கள் எடுத்துவைத்துவிடுவீர்கள்.

பிரித்து முடிந்ததும் மிச்சத்தைத் தள்ளுவதற்கு முன், கூடையில் வாரிப் போடச் சொல்லுங்கள். பெரிய திருக்கை, ஆமை, கல், மரக்கட்டை போன்றவற்றை முதலில் ஒதுக்கித் தனியாக எழுதுங்கள். இவை மாதிரிக் கூடையில் விழுந்தால் பெருக்கும்போது ஒரு திருக்கை இருபது ஆகும். மற்றதைக் கூடை கூடையாக எண்ணுங்கள். முதல் கூடை, நடுவில் ஒன்று, கடைசி ஒன்று என மூன்றை எடை போட்டு, காலிக் கூடை எடையைக் கழித்து, சராசரியைக் கூடை எண்ணிக்கையால் பெருக்கினால் அந்த இழுப்பின் வீசல் எடை. ஒரே இடத்திலிருந்து மூன்றையும் எடுக்கக்கூடாது: படகு ஆடும்போது பொடி கீழே இறங்கும், பெரியது மேலே நிற்கும்.

இன வாரியான விவரத்துக்கு ஐந்து கிலோ பை ஒன்று போதும். மூன்று கூடையிலிருந்தும் ஒவ்வொரு கை எடுத்து நிரப்பி, ஐஸில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலில் இனம் பிரிக்க உட்கார்ந்தால் அடுத்த இழுப்பு வந்துவிடும்.

தொங்கு தராசு அலையில் ஆடும். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பார்த்து நடுவை எழுதலாம், ஆனால் அலை பலமாக இருந்தால் அதுவும் நிற்காது. அப்போது எடையை விட்டுவிட்டு, கூடை நிரம்பிய அளவை மட்டும் முக்கால், அரை, முழு என்று எழுதுங்கள். அதே கூடையை அதே வகைச் சரக்கால் நிரப்பிக் கரையில் எடை போட்டுக்கொள்ளலாம்.

இழுப்பு எண், வலை இறக்கிய நேரம், தூக்கிய நேரம், ஆழம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஆழத்தைப் பாகத்தில் (இரு கையை விரித்த நீளம்) சொல்வார்கள். சொன்னபடியே எழுதிவிட்டு, வீட்டில் வந்து 1.83-ஆல் பெருக்கி மீட்டர் ஆக்குங்கள். படகிலேயே மனக்கணக்காக மாற்றி எழுதிய தாளை யாராலும் பின்னால் சரிபார்க்க முடியாது.

படகில் இடம் இல்லை, ஏற்றிக்கொள்ளவும் மாட்டார்கள். வேறு வழி?

படகு ஆட்களே மாதிரி கொண்டுவருவது. பயணத்துக்கு ஒரு இழுப்பு போதும், ஆனால் எந்த இழுப்பு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. கிளம்பும் முன் சீட்டு எடுத்து "நான்காவது இழுப்பு" என்று பையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கரைக்கு வரும் வழியில் கடைசி இழுப்பில் வாரிய பைதான் உங்கள் கைக்கு வரும். பையோடு அவர்கள் தர வேண்டிய தகவல் ஒன்றே ஒன்று: அந்த இழுப்பில் எத்தனை கூடை தள்ளினார்கள். எழுதச் சொல்லாதீர்கள், பையில் கட்டிய கயிற்றில் கூடைக்கு ஒரு முடிச்சு போடச் சொல்லுங்கள். ஈரக்கையோடு பேனா பிடிப்பதைவிட அது நடக்கும். மாதிரி மீனுக்கும் நேரத்துக்கும் ஒரு தொகையை முன்பே பேசி முடியுங்கள். எடைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், பை கனத்துக்கொண்டே போகும்.

சில படகில் அளந்ததை எல்லாப் படகுக்கும் எப்படிப் பெருக்குவது?

வழக்கமான வழி, இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் வீசியது எவ்வளவு என்ற விகிதத்தை எடுத்து, துறைமுகத்தின் மொத்த இறக்கத்தால் பெருக்குவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று பயணம் பார்த்தீர்கள் என்று வையுங்கள். முதலாவதில் 400 கிலோ இறங்கியது, 40 கிலோ வீசியது. இரண்டாவதில் 100 இறங்கி 60 வீசியது. மூன்றாவதில் 1,000 இறங்கி 50 வீசியது. ஒவ்வொன்றின் விகிதமும் 0.10, 0.60, 0.05, சராசரி 0.25. ஆனால் மொத்தம் வீசிய 150-ஐ மொத்தம் இறங்கிய 1,500-ஆல் வகுத்தால் 0.10. துறைமுகத்தின் ஆண்டு இறக்கம் 10,000 டன் என்றால் ஒரு வழியில் 2,500 டன், மறு வழியில் 1,000 டன். மொத்த இறக்கத்தால் பெருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வழிதான் சரி. மீன் சரியாகப் படாத ஒரு படகு முதல் வழியில் மொத்த விடையையும் தூக்கிவிடுகிறது.

இறக்கத்தோடு வீசல் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. கிடங்கு நிறைந்த பிறகு இறக்கம் கூடாது, வீசல் மட்டும் கூடும். அப்படியான தங்கல் படகுக்கு இழுவை மணிக்கு இவ்வளவு, அல்லது படகு நாளுக்கு இவ்வளவு என்று எடுப்பது மேல். அப்போது படகு நாள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மிச்சம் 304 நாள். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் வாரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது; விசைப்படகுக்கு மூன்று நாள், ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி. ஆக அதிகபட்சம் 130 நாள்தான். அதிலும் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், டீசல் விலை எல்லாம் கழிய வேண்டும். பதிவான படகு எண்ணிக்கையை 304-ஆல் பெருக்கிய அறிக்கைகள் உலவுகின்றன. அவற்றின் விடை இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். கடலுக்குப் போகும் முன் படகுகள் வாங்கும் அனுமதிச் சீட்டின் (டோக்கன்) பதிவைப் பார்த்து உண்மையில் கடலுக்குப் போன படகை எண்ணுங்கள்.

நாம் ஏறினால் படகுக்காரர் நடந்துகொள்வது மாறாதா?

மாறும். குறைவாக வீசுவார்கள், பக்கத்திலேயே இழுப்பார்கள், சீக்கிரம் திரும்புவார்கள். நம்மை ஏற்றிக்கொள்கிற படகே ஒரு தனி வகைதான். சோதிக்க எளிய வழி: நாம் ஏறிய பயணத்தையும் ஏறாத பயணத்தையும், இரண்டுக்குமே தெரிகிற விஷயங்களில் ஒப்பிடுங்கள். பயண நீளம், டீசல் செலவு, இறக்கிய மீனில் இறாலின் பங்கு, சங்காயத்தின் பங்கு. இவை ஒத்திருந்தால் நிம்மதி. ஒத்திராவிட்டால் திருத்திக்கொள்ள வழி அதிகம் இல்லை. உங்கள் எண் கீழ்வரம்பு என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எத்தனை பயணம் பார்த்தால் போதும்?

பயணத்துக்குப் பயணம் வீசல் பெரிதும் மாறும். சராசரியும் திட்டவிலக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துத் தொடங்கலாம். அப்படியானால் 25 பயணத்தில் மதிப்பீட்டின் பிழை 20 சதவீதம், 100 பயணத்தில் 10 சதவீதம். அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் வீசல் கண்காணிப்புக்கு வைத்திருக்கும் இலக்கு 30 சதவீதம். மேலே சொன்ன அனுமானத்தில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு பயணம். ஆனால் இது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. ஒருநாள் படகு, தங்கல் படகு, தடைக்காலம் முடிந்த முதல் மாதம், வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று பிரித்தால் எண்ணிக்கை உடனே நாலைந்து மடங்காகும்.

ஒரே பயணத்தின் பத்து இழுப்பைப் பத்துத் தனி மாதிரி என்று எண்ணாதீர்கள். ஒரே ஆட்கள், ஒரே வலை, ஒரே கடற்பகுதி. பத்தும் ஒன்றையே சொல்லும். பிழையைக் கணினியில் மறுமாதிரி எடுத்து (கையில் உள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து) கணக்கிடும்போதும் இழுப்பைக் குலுக்காமல் பயணத்தைக் குலுக்குங்கள். இதைத் தவறவிட்டால் பிழை அழகாகச் சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான்.

இன்றைய விகிதத்தை வைத்து 1970-களைக் கணக்கிடலாமா?

கூடாது. இழுவலை பரவிய ஆரம்ப காலத்தில் இலக்கு ஏற்றுமதி இறால்; கூட ஏறிய மீனுக்கு வாங்க ஆள் இல்லை. பிறகு கோழிப்பண்ணையும் மீன்தூள் ஆலையும் வந்து, வீசியது சரக்கானது. அதனால் பழைய ஆண்டுகளில் விகிதம் அதிகம், இன்று குறைவு. இதைக் கவனிக்காமல் இறக்கக் கணக்கை மட்டும் பார்த்தால் கடலில் மீன் பெருகியதுபோல் தோன்றும். முன்பு வீசியதை இப்போது கரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் அந்த உயர்வில் ஒரு பகுதி.

செய்ய வேண்டியது, உறுதியான தகவல் கிடைக்கும் ஆண்டுகளை நங்கூரப் புள்ளியாக வைத்து, இடையில் உள்ள ஆண்டுகளை நேர்கோட்டில் நிரப்புவது. அந்தப் பகுதியில் முதல் மீன்தூள் ஆலை எப்போது வந்தது, தங்கல் படகு எப்போது தொடங்கியது என்று வயதான படகு ஓட்டுநர்களிடம் கேட்டால் கோடு எங்கே வளைய வேண்டும் என்பது தெரியும். ஆண்டைக் கேட்காதீர்கள், "சுனாமிக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள்.

மீன்வள ஆய்வாளர்கள் டேனியல் பாலியும் டிர்க் செல்லரும் உலக நாடுகளுக்கெல்லாம் இப்படி மீட்டெடுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், 1996-இல் உலகப் பிடிப்பு 13 கோடி டன். நாடுகள் அறிவித்தது 8.6 கோடி டன். அந்த முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு படியில் மதிப்பெண் கொடுத்து, நம்பகம் அதிகமானதற்கு 10 சதவீதம், மிகக் குறைந்ததற்கு 50 சதவீதம் என்று பிழை வைப்பார்கள். நேர்காணலை மட்டும் நம்பிய பத்தாண்டுக்குக் கூச்சப்படாமல் 50 போடுங்கள்.

பொழுதுபோக்கு மீன்பிடி இந்தியாவில் கணக்கிடும் அளவுக்கு இருக்கிறதா?

நாட்டின் மொத்தப் பிடிப்பில் சிறியது. ஆனால் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மீனுக்குச் சிறியதல்ல. அந்தமானில் பெரும்பாரைக்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். சென்னை, கோவளம், முகத்துவாரங்கள், பாலங்கள், தூண்டில் வளைவுகள் என்று கொடுவா, பாரை, சீலா தேடி நிற்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உலக அளவில் கடல் பொழுதுபோக்குப் பிடிப்பு 2014-இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் டன் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

யார் பொழுதுபோக்குக்காரர் என்பதற்குச் சோறும் சந்தையும்தான் அளவுகோல்: பிடிப்பது அவருடைய அடிப்படை உணவுத் தேவைக்கு அல்ல, வழக்கமாக விற்பதும் இல்லை. விடுமுறை நாளில் தூண்டில் போட்டு மீனைக் குழம்பு வைப்பவர் பொழுதுபோக்குக்காரர். வேலை இல்லாத நாளில் பாலத்தில் நின்று நாலு மீன் பிடித்து இரண்டை விற்கும் மீனவர் அப்படி அல்ல. ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல் கேட்டு எழுதுங்கள்.

தூண்டில்காரர் பட்டியல் எதுவும் இல்லையே, எங்கிருந்து தொடங்குவது?

ஆளிலிருந்து தொடங்க முடியாது, இடத்திலிருந்து தொடங்குங்கள். தூண்டில் போடும் இடங்களை எல்லாம் ஒரு முறை நடந்து பட்டியலிடுங்கள். வார நாள், விடுமுறை நாள் என்று பிரித்து, எந்த நாளில் எந்த இடம் என்பதைக் குலுக்கலில் எடுங்கள். அங்கே இரண்டு வேலை.

ஒன்று, தலை எண்ணுவது. காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரத்தில் குலுக்கலில் வந்த நான்கு நேரத்தில் தூண்டிலோடு நிற்பவர்களை எண்ணுங்கள். 6, 14, 9, 11 என்று வந்தால் சராசரி 10. பத்துப் பேர் 12 மணி நேரம், ஆக 120 தூண்டில் மணி. எண்ணும் நேரத்தை வசதிக்குத் தேர்ந்தெடுத்தால் ஏற்றநீர் நேரக் கூட்டம்தான் கண்ணில் படும்.

இரண்டாவது, பிடிப்பைக் கேட்பது. கிளம்புகிறவரிடம் கேட்டால் முழுப் பயணம் கிடைக்கும். அப்போது எல்லோருடைய மீனையும் கூட்டி எல்லோருடைய மணியாலும் வகுக்க வேண்டும். இன்னும் நின்றுகொண்டிருப்பவரிடம் கேட்டால் நெடுநேரம் நிற்பவரே அதிகம் மாட்டுவார். அங்கே ஒவ்வொருவரின் விகிதத்தையும் தனியாக எடுத்துச் சராசரி போட்டு, அரை மணிக்கும் குறைவாக நின்றவர்களை விட்டுவிட வேண்டும். படகுக் கணக்கில் தவறான வழி இங்கே சரியாகிறது, காரணம் மாதிரி வேறு விதமாகக் கிடைக்கிறது. மணிக்கு 0.3 கிலோ என்று வந்தால் அந்த நாளுக்கு 36 கிலோ.

இரவில் டார்ச்சோடு நிற்பவர்களை விட்டுவிட்டால் சீலாவும் கொடுவாவும் குறைவாகத் தெரியும். இரவுக்குத் தனி அட்டவணை வேண்டும்.

"வருடத்துக்கு எத்தனை நாள் வருவீர்கள்?" என்று அங்கேயே கேட்டுச் சராசரி எடுக்கலாமா?

கேட்கலாம், நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. வருடத்தில் 50 நாள் வருபவர் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு, 2 நாள் வருபவரைவிட 25 மடங்கு. மூவர் 50, 10, 2 நாள் என்றால் நேர்ச்சராசரி 20-ஐத் தாண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் வரும் நாளின் தலைகீழ் எடை (1/50, 1/10, 1/2) கொடுத்தால் விடை 5-க்கும் கீழே, 4.8. ஊர் முழுக்க உள்ள தூண்டில்காரர் எண்ணிக்கையால் பெருக்கும்போது இந்த வித்தியாசம் நான்கு மடங்கு.

வீட்டுக்கு வீடு கேட்பது எளிதல்லவா?

நூறு வீட்டில் ஒரு வீடு தூண்டில் போடும் ஊரில் ஆயிரம் வீடு ஏறி இறங்கினால் பத்து வீடு கிடைக்கும். கடலோர வார்டுகளில் மட்டும் செய்தால் தாங்கும். ஞாபகம் இன்னொரு சிக்கல்: "போன வருடம் எத்தனை முறை?" என்றால் நல்ல நாள்கள் மட்டும் நினைவில் வரும், அதற்கு முந்தைய வருடத்து நாளும் உள்ளே நுழையும். இரண்டு மாதத்துக்கு மேல் பின்னால் கேட்காதீர்கள்.

கேள்வி வரிசைகூட எண்ணைப் புரட்டும். அமெரிக்கத் தேசியக் கடல் மீன்வளச் சேவை 2018-இல் தொலைபேசிக் கணக்கெடுப்பை விட்டு அஞ்சல் படிவத்துக்கு மாறியது. மதிப்பீடுகள் பெரிதாக ஏறின. அந்தப் படிவம் முதலில் கடந்த இரண்டு மாதத்தையும் பிறகு கடந்த 12 மாதத்தையும் கேட்டது. 2023-இல் வெளியான சோதனையில் வரிசையை மாற்றி 12 மாதத்தை முதலில் கேட்டபோது மீன்பிடிப் பயண மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் குறைந்தது. பணமும் ஆளும் குறைவில்லாத நாட்டிலேயே இந்த நிலை. உங்கள் படிவத்தைப் பாதிப் பேரிடம் ஒரு வரிசையிலும் மீதிப் பேரிடம் மறு வரிசையிலும் கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழு, யூடியூப் காணொளிகளை வைத்துக் கணக்கிடலாமா?

எந்த இனம், எந்த இடம், எந்த மாதம் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. அளவுக்கு ஆகாது. வெறுங்கையோடு திரும்பியதை யாரும் பதிவேற்றுவதில்லை.

பிடித்துத் திரும்ப விட்ட மீனையும் சேர்க்க வேண்டுமா?

தனிப் பத்தியில். அமெரிக்க முறையில் மூன்று வகை: கணக்கெடுப்பவர் கண்ணால் பார்த்த மீன், பார்க்கவில்லை ஆனால் கொன்றதாகச் சொன்னது, உயிரோடு விட்டது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விட்டதெல்லாம் பிழைக்காது. முப்பது நாற்பது மீட்டரிலிருந்து தூக்கிய கலவா, காற்றுப்பை உப்பி, மேலே மிதந்தபடி கடற்பறவைக்குப் போகும். மெக்சிகோ வளைகுடாவில் பாறைமீன் பிடிக்கும் படகில் மீனைத் திரும்ப ஆழத்தில் இறக்கும் கருவியோ காற்று வெளியேற்றும் ஊசியோ இருந்தாக வேண்டும் என்று 2022-இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். கரையோரம் செயற்கை இரையில் பிடித்து உடனே விட்ட பாரைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஆழம், தூண்டில் எங்கே குத்தியது, எவ்வளவு நேரம் தண்ணீருக்கு வெளியே இருந்தது ஆகிய மூன்றையும் கேளுங்கள். இறப்பு விகிதத்தைப் பின்னால் பொருத்தலாம்.

தராசு இல்லை, நீளம் மட்டும் அளந்தோம்.

அந்த இனத்துக்கு வெளியான நீளம் எடைச் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். எடை ஏறக்குறைய நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். நீளத்தை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் எடை 33 சதவீதம் கூடிவிடும். சமன்பாடு வால் பிளவு வரை அளந்ததற்கா, வால் நுனி வரைக்கா என்று பாருங்கள். பாரைக்கும் வஞ்சிரத்துக்கும் இந்த வித்தியாசமே பெரிது. மீனவர் கையால் காட்டும் நீளத்தை ஏற்காதீர்கள்.

கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஏறினால் எழுதலாமா?

எழுத வேண்டும், ஆனால் அதற்கு ஏற்பாடு வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001-இல் சேர்ந்தன. தற்செயலாக ஏறியதைச் சொன்னாலும் வழக்கு வரும் என்ற பயம் இருப்பதால், நேராகக் கேட்டால் எல்லாத் தாளிலும் "இல்லை" என்றுதான் வரும். படகின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத தனித்தாளில் இவற்றை எழுதுங்கள். பயணத் தாளோடு இணைக்கும் குறியீட்டை ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். எண்ணிக்கையாக எழுதுங்கள், எடையாக வேண்டாம். மாதிரிப் பையில் இவற்றைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லவே கூடாது. படம் எடுத்துவிட்டு உடனே கடலில் விட வேண்டும். வனத்துறையிடம் ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலைப் படகுக்காரரிடமும் ஒன்று கொடுத்துவையுங்கள்.

இலங்கைக் கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்த இழுப்பை எந்த நாட்டுக் கணக்கில் போடுவது?

பிடிப்பு படகின் கொடிக்குரிய நாட்டுக் கணக்கில் போகும். கடற்பகுதி வேறு பத்தி. 2017 முதல் இலங்கையில் இழுவலைக்கே தடை இருக்கிறது, ஆகவே இடத்தைக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. ஆழத்தையும் கரையிலிருந்து ஓடிய மணி நேரத்தையும் மட்டும் கேட்டு எழுதுங்கள். புவியிடக் கருவிப் பதிவை நகல் எடுக்கக் கேட்டீர்களானால் அந்தத் துறைமுகத்தில் அடுத்த படகு உங்களை ஏற்றாது.